இரண்டு உதடுகள் வரைந்த தாள்

அக்கா,

இன்று காலை பாப்பாவின் தடுப்பூசி அட்டையை எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு தாள் விழுந்தது. சேலத்து டாக்டரம்மா எங்களுக்குப் புரிய வைக்க, நீலப் பேனாவால் இரண்டு உதடுகள் வரைந்த தாள். ஒன்றில் மூக்கடியிலிருந்து ஒரே கோடாக வளைந்து இறங்கும் தையல். இன்னொன்றில் தையல் படிக்கட்டுபோல மடங்கி, நடுவில் ஒரு முக்கோணம். அவர் வரைந்து முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாவது என் உதடு, இரண்டாவது உன்னுடையது.

மஞ்சள் காமாலையில் நீ போன மறுவருஷம் பாப்பா பிறந்தாள். நம் இருவரையும் போலவே இடப்பக்கம் மேலுதடு பிளந்திருந்தது. நர்ஸ் துணியை விலக்கிக் காட்டத் தயங்கினார். "பரவால்லீங்க, எங்கூட்டுக்கு இது புதுசில்லீங்க" என்றேன். சொல்லிவிட்டு நானே துணியை முழுக்க விலக்கிப் பார்த்தேன்.

ஐந்து கிலோ எடை வந்தால்தான் மயக்கம் கொடுத்துத் தைக்க முடியும் என்றார்கள். பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். பாதி வழிந்துவிடும். வாரம் ஒருமுறை மலைமேல் அரியூர் நாட்டுச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போய் எடை பார்ப்பேன். ஒரு வாரம் ஏறாமல் நின்றுவிட்டது. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உனக்கு மூன்று வயதில், மலையடிவாரத்தில் போட்ட மருத்துவ முகாமில் தைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பிறந்த எனக்கு வேறொரு ஊரில், வேறொரு டாக்டர். ஒரு வீட்டில் இரண்டு விதத் தையல். மிளகு காயும் களத்தில் என்னை உட்கார வைத்து, சாமை வைக்கோலைக் கிள்ளி இருவர் உதட்டையும் நீ அளந்தது ஞாபகம் இருக்கிறது. "உன்னுது கோடு நேரா இருக்குது கண்ணு. ஆனா ஒரு நெல்லளவு மேல ஏறிக்கிச்சு. என்னுது கோணக் கோடு, ரெண்டு பக்கமும் சமமா நிக்குது." நீ சொன்னது உண்மைதான். தண்ணீர் குடித்தால் எனக்குத்தான் ஓரத்தில் ஒழுகும். ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு உன் தழும்புதான் தெரியும்.

மலையிலேயே இன்னொரு நாடான குண்டூர் நாட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். "சின்னவளுக்குன்னா பேசலாமுங்க" என்றார் அந்தப் பெரியவர். நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். நீ எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாய். அழுதாயா என்று பிறகு கேட்டேன். "என் வாயில சோறு சிந்தறதில்ல சாமி. அதுக்கு மேல அவுங்களுக்கு என்ன வேணுமாம்" என்றாய். அந்த நிமிஷம் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எழுந்ததை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

பாப்பா ஐந்து கிலோ ஏறிச் சேலத்துக்குப் போனபோது, அந்தத் தாளைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "தழும்பு தெரியாததையே பண்ணிருங்க டாக்டர். பொம்பளப் புள்ளைங்க" என்றார்.

"வேண்டாமுங்க. எங்கக்காவுக்குப் பண்ணுன மாதிரிப் பண்ணிருங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கக்கா மாதிரியா? அது கல்யாணம் ஆகாமயே போயிருச்சே."

"என்ர உதடு ஏறிக்கிட்டு நிக்கறது உங்களுக்குத் தெரியலீங்களா?"

டாக்டரம்மா இருவரையும் நிறுத்தினார். "ரெண்டும் நல்ல முறைதாம்மா. முக்கோணம் வச்சா நீளம் சரியா வரும், தழும்பு குறுக்க ஓடும். சுத்தி இறக்கி ஒரே கோடாத் தைச்சா தழும்பு மூக்குக்குக் கீழ இருக்கற இயற்கையான வரப்புலயே மறைஞ்சிடும், ஆனா நீளம் பத்தாமப் போகலாம். பாப்பாவுக்குப் பிளவு அகலம். ஆப்பரேஷன் மேசையில அளந்து பாத்துத்தான் முடிவு பண்ணுவேன். சுத்தி இறக்கியும் பத்தலைன்னா, உதட்டு விளிம்புக்குச் சரியா மேல சின்னதா ஒரு முக்கோணம் வைப்பேன்."

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரே எனக்கு மறந்ததுபோல் இருந்தது. பாப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு நானும் வீட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். கடைசியில் டாக்டரம்மாவே வந்து, "சின்ன முக்கோணம் வைக்க வேண்டியதாப் போச்சு. நீளம் சமமா வந்திருக்கு" என்றார். வீட்டுக்காரர் அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நிம்மதி ஒரு மாதம்தான் நின்றது. இரண்டாம் மாதம் தழும்பு சிவந்து, கெட்டியாகி, உதட்டை மேலே இழுத்தது. என் உதடேதான். உடனே சேலத்துக்குப் போன் செய்தேன். தழும்பு முதலில் சுருங்கும், பிறகு தளரும், தினமும் நீவிவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. நீவினேன். காலையில் இறங்கியதுபோல் இருக்கும், மாலையில் ஏறியதுபோல் இருக்கும். போன மாதம் காட்டப் போனபோது அவர் கவராயம் போன்ற கருவியால் அளந்தார். ஏறக்குறைய சமம் என்றார். வளர வளரப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வார்த்தைதான் என்னோடு பஸ் ஏறி மலைக்கு வந்தது.

நேற்று ராகிக் கூழ் ஊட்டும்போது பாப்பா உதட்டைக் குவித்துப் 'பூ' என்று ஊதினாள். கூழ் என் முகமெல்லாம் தெறித்தது. உதடு மூடினால்தானே அப்படி ஊத முடியும். சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கண் தையல் இடத்துக்குப் போய்விட்டது.

நான் சாப்பிடும்போதெல்லாம் நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் கல்யாணமாகிப் போன பிறகும், வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்படித்தான். என் முகத்தின் மேல் உனக்குப் பொறாமை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன், அக்கா. இப்போது அதே கண்ணோடுதான் நான் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.