நாகலோகத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன்

நாகலாபுரம்
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மஞ்சுவுக்கு உன் நைனா கோவர்த்தனன் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு யாமினி எழுதுவது. வேதநாராயணசாமி புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைச் சொல்ல ஆரம்பிக்கிறேன். உன் அம்மாவைப் பற்றி அப்படி ஒரு வரியில் சொல்லிவிட முடியாது, அதற்குத்தான் இந்தக் கடிதமே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் ஸ்பீக்கர்ல போடுய்யா என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறாள், நான் யாமினி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், டீச்சர் இல்லையா, நடுநடுவே திருத்தப் பார்க்கிறாள். வேர்க்கடலை பிடுங்கியாயிற்று, இடையில் மழை பிடித்துப் பாதி கறுத்துப் போனது. செவலைப் பசு கிடாரி போட்டிருக்கிறது. நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா, போன தடவை வீடியோவில் முடி எல்லாம் வைக்கோல் மாதிரி தெரிந்தது.

உன் இரண்டாவது புத்தகத்தையும் ஆடிக்கு முன்னாலேயே யாமினி எங்களுக்குச் சொல்லி முடித்துவிட்டாள். இங்கிலீஷில் ஒரு பக்கம் தனக்குள் படிப்பாள், அப்புறம் தமிழில் சொல்லுவாள். எனக்கு எழுத்து தெரியாது என்றாலும் ஒருமுறை கேட்டது மறக்காது, உன் இரண்டு புத்தகமும் எனக்கு மனப்பாடம். திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிரில் மெஸ் வைத்திருக்கும் பீமன், ஊருக்கெல்லாம் பூக்கட்டி விற்றுவிட்டுத் தன் தலையில் ஒரு பூ வைக்காத திரௌபதி, எல்லாம் எனக்குப் பிடித்தது. பீமன் பரோட்டாவுக்கு மாவு அடிக்கிற சத்தத்தில் போலீஸ் ஜீப்பு வந்து நிற்கும் இடத்தில் எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. வருஷா வருஷம் பாரதம் நடக்கிற ஊரில் வளர்ந்த பெண் எழுதியது என்று தெரிகிறது. ஆனால் கதையில் அந்த ஆட்டோக்காரப் பையன் வந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பேர் வேறு வைத்திருக்கிறாய். சிரிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதையும், சில்லறை இல்லாவிட்டால் கடலை மிட்டாய் எடுத்துக் கொடுப்பதையும் எந்தப் பேரில் ஒளித்து வைக்க முடியும். உன் அம்மா அந்தப் பக்கத்திலேயே அருளு என்றாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே கார்த்திகையில் ஸ்ரீசிட்டி கம்பெனி ஷிப்டு ஆட்களை எல்லாம் அவரவர் ஊரில் இறக்கிவிட்டுத் திரும்பிய உன் தம்பி அருளை ஆரணியாற்றுத் தரைப்பாலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆட்டோ முள்ளுக்காட்டில் மாட்டிக் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. ஊத்துக்கோட்டை தாண்டியும் தேடினோம். உனக்கு விமானம் கிடைக்காத நேரம், வரமுடியவில்லை, ஆற்றின் அந்தச் சத்தத்தை நீ கேட்கவில்லை. உடம்பு கிடைக்காததால் உன் அம்மா இன்றுவரை காரியம் செய்ய விடவில்லை. நீயும் உன் பங்குக்கு, பீமனுக்கு விஷம் வைத்து ஆற்றில் தள்ளியபோது அவன் நாகலோகம் போய் அமுதம் குடித்துப் பலத்தோடு திரும்பி வந்தானே, அதே மாதிரி உன் தம்பியையும் திருப்பதிக்கு அடியில் இருக்கும் நாகலோகத்துக்கு அனுப்பிவிட்டாய். அங்கே பாம்பு ராஜாவின் கணக்குப்பிள்ளையோடு வாடகைக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஆட்டோ ஓட்டுகிறான். புத்தகம் முடியும்போது கபில தீர்த்தத்து அருவிக்குப் பின்னால் ஒரு கதவு, அதன் உள்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். அங்கே நிறுத்திவிட்டாய்.

உன் அம்மா முதலில் யாமினியிடம், நாகலோகத்துல காரமே போடமாட்டாங்களாமேடி, எளச்சிப் பூட்டிருப்பான் என்று கவலைப்பட்டாள். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. ஆடியில் தர்மராஜர் கோயில் பாரதம் வந்தது. அபிமன்னன் சாகிற அன்று நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், நீயே சின்ன வயசில் பயந்துபோய் என் துண்டுக்குள் ஒளிந்துகொள்வாய். அபிமன்னன் விழுந்தான் என்று சொன்னதும் கதை சொல்கிற ரங்கையா தாளத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் வந்து மாரடித்துக்கொண்டு அழலாம், அபிமன்னா என்று தொடங்கித் தன் பிள்ளை பேரில் முடிப்பார்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். அவர்கள் அழுது தீர்த்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் ரங்கையா அடுத்த அடி எடுப்பார். அருள் போன பிறகு உன் அம்மா முதல் வருஷம் கோயில் வேப்பமரத்தடியில் நின்று கேட்டாள், அடுத்த வருஷம் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்தாள், போன வருஷம் பாதிக் கூட்டம் தாண்டி உள்ளே வந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வருஷம் முன்னால் போய்விடுவாள் என்று நினைத்தேன். காய்ச்சலில் மகனைப் பறிகொடுத்த வெங்கடம்மா எழுந்து வந்து கையைப் பிடித்து, வாக்கா, வந்து ஒக்காரு, மனசு லேசாவும் என்று கூப்பிட்டாள். உன் அம்மா கையை உதறி, நான் எதுக்குடி அயுவணும், உன்னுது மாதிரி எம்புள்ள செத்தா பூட்டான், அவன் ஆட்டோ ஓட்டிக்கினு கீறான், எம்பொண்ணு புஸ்தகத்துலயே எயுதிக்கீறா என்று சத்தம் போட்டுவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ரங்கையா வெகுநேரம் தாளத்தைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை ஆனால் கபில தீர்த்தத்துக் கபிலேஸ்வரரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திருப்பதிக்கு பஸ் ஏறத் தொடங்கினாள். பக்தி என்று நினைத்தேன். ஒருநாள் பையைப் பார்த்தால் அவனுடைய பேண்ட் சட்டையும் ஒரு துண்டும் மடித்து வைத்திருக்கிறாள். இன்னாமே இது என்றதற்கு, நனைஞ்சிக்கினு வருவான், மாத்திக்கத் துணி வாணாமா, அப்பனா நீ என்று என்னையே திட்டினாள். அது முதல் நானும் கூடவே போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து அருவியையே பார்த்துக்கொண்டிருப்பாள். தீபாவளி மழைக்கு அருவி மலையையே கொண்டுவருகிற மாதிரி கொட்டியது, கயிறு கட்டி யாரையும் விடவில்லை. நான் செருப்பு விடப் போன நேரத்தில் கயிற்றுக்கு அடியில் நுழைந்து தண்ணீரில் இறங்கிவிட்டாள். காவலுக்கு நின்றவன் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்து, சாக வந்தியா கிழவி என்று தெலுங்கில் கத்துகிறான், இவளும் தெலுங்கில், நா கொடுகு லோபல உன்னாடு, என் மகன் உள்ளே இருக்கிறான், கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்கிறான் விடுடா என்று அவனை அடிக்கிறாள். அந்த இழுப்பில் பாறையில் விழுந்து இடது கால் எலும்பு முறிந்துவிட்டது. படியில் வழுக்கியது என்று உன்னிடம் சொன்னோம். கட்டுப் பிரித்ததும் மறுபடி போவேன் என்கிறாள். அடுத்த மழைக்கு அவளைப் பிடித்து நிறுத்த என் உடம்பில் தெம்பில்லை.

அது கதைம்மா, நானாகச் சேர்த்துக் கட்டியது என்று நீயும் போனில் சொல்லிப் பார்த்தாய். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு அவள் சொன்னதை நீ கேட்கவில்லை. போன்ல பயந்துக்கினு பொய் சொல்றா, எயுதறப்பதான் நெசம் சொல்றா, அவன் செத்துட்டான்னு எம்பொண்ணு எயுதட்டும், அப்ப நம்பறேன் என்றாள். பூசாரி சொன்னால் கேட்கமாட்டாள், நான் சொன்னால் கேட்கமாட்டாள். அதனால் கேட்கிறேன் கண்ணு, மூன்றாவது புத்தகத்தில் அவனைச் சாகவிடு.

இது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியாமல் கேட்கவில்லை. நீ போன மாசம் சொன்னாய், விடிவதற்கு முன்னால் எழுந்து, போட்ட காபி ஆறிப்போக, வேலைக்குக் கிளம்பும்வரை சமையல்கட்டு மேசையில் எழுதுகிறேன், அந்த நேரம் மட்டும்தான் நைனா, தம்பி எங்கூட கீறான் என்று. புத்தகம் போடுகிறவர்களும் அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவேண்டும், படிக்கிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்கிறார்களாமே. எங்களிடமிருந்து அவனை ஆறு கொண்டுபோனது. உன்னை நான் உன் கையாலேயே அவனை அனுப்பச் சொல்கிறேன். இதைச் சொல்வதற்கு முன்னால் பல நாள் யோசித்தேன், யாமினியும் இந்த இடத்தில் எழுதாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதும்மா என்றேன். நீ பீமன் கதையை எடுத்துக்கொண்டாய், திரும்பி வந்த பிள்ளை அவன், எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். நம் பிள்ளை அபிமன்னன் வழி. வியூகத்துக்குள்ளே போகத் தெரிந்தவன், வெளியே வரத் தெரியாதவன். தரைப்பாலத்திலும் அப்படித்தான் போனான். எப்படி எழுதுவது என்பது உன் தொழில், அதில் நான் வாய் வைக்கவில்லை. உடம்பு மட்டும் கரைக்கு வந்து சேரட்டும். விழுகிறபோது தனியாக விழவேண்டாம், யாராவது ஒருவர் தலையை மடியில் வாங்கிக்கொள்ளட்டும், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடட்டும். அது நீயாக இருந்தாலும் சரி.

ராவில் கண் விழிக்காதே, வேளைக்குத் துன்னு, பனியில் பார்த்து நட. வேதநாராயணசாமியும் தர்மராஜரும் உனக்குத் துணை இருப்பார்கள், நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் நீ. மறக்காமல் ஒன்று செய். புத்தகம் முழுக்க இங்கிலீஷிலேயே இருக்கட்டும், அவன் சாகிற அந்த இடத்தை மட்டும் தமிழில் தனியாக எழுதி எனக்கு அனுப்பு. உனக்குத் தமிழ் எழுத்து தடுமாறும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதை இன்னொருவர் மாற்றிச் சொல்லி உன் அம்மா கேட்க வேண்டாம். நீ சொன்னபடியே யாமினி படிக்கட்டும், பாரதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வருகிற மாதிரி நான் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன், அவளும் வருவாள்.

இப்படிக்கு,
உன் நைனா
கோவர்த்தனன்
(இடது பெருவிரல் ரேகை)