உன் கண்களுக்கு மட்டும் கேட்ட பேச்சு

இன்று வேலை முடிந்து வந்தபோது மாடிப்படியிலேயே அறுத்த பலகையின் வாசம் அடித்தது. உன் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே இருந்த தடுப்பை வீட்டுக்காரரின் ஆட்கள் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். உன் அம்மா ஜொகூருக்கு உன் அண்ணனிடம் போனதிலிருந்து அந்தப் பக்கம் காலியாகத்தான் கிடந்தது. நாங்களும் அடுத்த வாரம் குவீன்ஸ்டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறோம். பலகையில் உன் பக்கம் நீலச் சாயம், என் பக்கம் வெறும் மரம். விரல் கனம்கூட இல்லை. இதற்குப் பயந்துதானா வாயை மூடி வளர்ந்தேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கீழே கடையும் மேலே குடியிருப்புமான இந்தக் கடைவீட்டின் மாடியில் வரிசையாகப் பலகை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். யார் இருமினாலும் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு வேலை போனது, சித்தியின் கல்யாணம் நின்றது, எல்லாமே எங்கள் வீட்டில் காதோடு காதாகத்தான் பேசப்பட்டன. நான் வாயைத் திறந்தால் அம்மா, "மெதுவாப் பேசுடி, அங்கிட்டுக் கேக்கும்" என்பாள். எந்தச் சொல்லையும் பாதியில் விழுங்கிவிடுவது எனக்கு மரியாதையாகவே படிந்துவிட்டது. அதே பலகைக்கு அந்தப் பக்கம் என் தோழியாக வளர்ந்த நீ எப்படித் தப்பித்தாய் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. "கேட்டாக் கேக்கட்டும் லா" என்று சிரிப்பாய். ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வணிக நிறுவனத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை உனக்கு வெகு எளிதாகக் கிடைத்தது. உன் குரலை ஒரு முறை கேட்டவர்கள் மறுநாளும் அதையே தேடுவார்களாம்.

நான் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. அப்பா கீழே கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை வேலையும் கிடைத்தது. ஆனால் முதல் தவணைப் பாடங்கள் முடிவதற்குள் தலைமையாசிரியை அழைத்து, என் குரல் இரண்டாவது வரிசைக்கு மேல் போவதில்லை என்றார். ஆண்டு இறுதியில் மேலதிகாரி வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் வகுப்பறை எனக்கு இல்லை. இதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அதையும் முணுமுணுத்தேன். "என்னா? என்னா?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய்.

அன்றிலிருந்து மாலைகளில் ரோச்சோர் கால்வாய்க்கு என்னை இழுத்துப் போவாய். நீ எதிர்க்கரையில், நான் இந்தக் கரையில். தண்ணீர் வற்றிய நேரத்து நாற்றம், டிராலி பஸ்ஸின் உறுமல், நடுவில் நான் பாடம் நடத்த வேண்டும். கேட்காவிட்டால் கையை ஆட்டுவாய். நீ ஆட்டாத மாலை எனக்கு நினைவில்லை. திரும்பும் வழியில் டீக்கடையில் நானே கேட்டு வாங்க வேண்டும் என்பது உன் சட்டம். கடைக்காரர் காதைக் குவித்துக்கொண்டு உன்னைப் பார்த்து, "தங்கச்சி டீ கேக்குதா, மந்திரம் சொல்லுதா?" என்பார். கடையே சிரிக்கும். நீ மட்டும் சிரிக்க மாட்டாய். "ஒரு வார்த்தைய முடிச்சிட்டு அடுத்தத எடு. பாதில விட்டுட்டு ஓடாதே" என்பாய், அத்தனை பேர் முன்னாலும்.

கொஞ்சம் தேறினேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் உனக்கு இருமல் கண்டது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டார்கள். மேலதிகாரி வந்த அன்று எதிர்க்கரையில் நிற்க யாரும் இல்லை. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணிடம் டீச்சர் இப்போது என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் எழுந்து, "தெரியாது சார். டீச்சர் எப்பவும் அவங்களுக்குள்ளதான் பேசிக்குவாங்க" என்றாள். அவள் கெட்ட பெண் இல்லை. உண்மையைச் சொன்னாள். அடுத்த ஆண்டு என்னை ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். விருப்பமிருந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

உனக்குப் போட்ட ஊசி இருமலைத் தணித்தது, காதை எடுத்துக்கொண்டது. முதலில் மணியடிப்பதுபோல் ஒரு சத்தம் என்றாய், பிறகு அதுவும் இல்லை. நான் பார்க்க வந்த அன்று நீ பேசிய பேச்சுக்கு வார்டே திரும்பிப் பார்த்தது. அளந்து அளந்து பேசிய உன் குரல் எங்கெங்கோ ஏறி இறங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் கத்துறேனா?" என்று கேட்டாய். என் கண் திரும்பிப் பார்த்தவர்களிடம் போனது. அன்றோடு நீ குரலை எடுப்பதை நிறுத்திவிட்டாய். நான் காகிதத்தில் எழுத வந்தபோது பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, உன் உதட்டைத் தொட்டு, என் உதட்டைக் காட்டினாய்.

கால்வாய்க் கரையில் நடக்காதது அங்கே நடந்தது. நான் ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். உதட்டைத் திறந்தேன், குவித்தேன், பல்லைக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்குமோ என்ற பயமே இல்லை, ஏனென்றால் சத்தமே இல்லை. அலுவலகக் கதை, தேக்கா சந்தையில் காய் விலை, அம்மா பார்க்கும் மாப்பிள்ளைகள் எல்லாம் சொன்னேன். உனக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. தாழ்வாரத்தில் நாம் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தாதி ஒருத்தி, "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு, சத்தமில்லாமல் சொன்னாய்: "இப்ப வரச் சொல்லு, கடைசி வரிசைல உக்காந்த அந்த ஆள."

உன்னை நம்பித்தான் மறுபடி விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள். கேள்விக்குப் பதில் தெரியும். உனக்குச் சொல்வதுபோலவே சொன்னேன், ஒரு சொல்லையும் விழுங்காமல். நடுவில் இருந்தவர் முன்னால் சாய்ந்து பார்த்துவிட்டு, "தண்ணீர் வேண்டுமா, மிஸ்?" என்று பரிவோடு கேட்டார். அப்போதுதான் தெரிந்தது. என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குரல் வரவில்லை.

அன்று சாயங்காலம் நேராக உன்னிடம் வந்தேன். நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். இருமல் திரும்பி, முன்னைவிட மெலிந்திருந்தாய், கண்கள் மட்டும் என் வாயில் நின்றன. "அவங்களுக்குக் கேட்டுச்சா?" என்று உதட்டால் கேட்டாய்.

இல்லை என்றேன். என் வாழ்நாளில் அதைவிடத் தெளிவாக ஒரு சொல்லை நான் சொன்னதில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். திரும்பிய பிறகு உன்னிடம் பேச எனக்கு வழியில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். உன்னைத் தூக்குவதற்கு முன் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, வாய்விட்டு அழு, அழுதால் ஆறும் என்றார்கள். வாயைத் திறந்தேன். அழுகையும் உதட்டோடு நின்றது, சத்தம் வரவில்லை.

அம்மா புது வீட்டில் செங்கல் சுவர் என்று சந்தோஷப்படுகிறாள். இனி நன்றாகப் பேசலாமாம். அவளுக்கு என்ன சொல்ல? நீ கொடுத்ததை நான் தொலைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் முழுதாக, வடிவாக என் உதட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இன்று காலை பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். இன்னும் தெளிவாகச் சொன்னேன். அவர் டிக்கெட் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.