ஏழாவது பாட்டில்

இந்த நேரத்தில் எழுதுகிறேனென்று கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை இப்போதுதான் உறங்கினாள். கூடத்துத் தரையில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்த்ததும், கல்லூரி ஆய்வகத்தில் எடைக்கற்களோடு நீ நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. நீ இறந்த பிறகு உனக்கு எழுதும் முதல் மடல் இது.

அன்று எடை உணரியின் நேர்கோட்டுத்தன்மையை, அதாவது ஏற்றும் பாரத்துக்கு ஏற்ப எண்ணும் ஒரே சீராக ஏறுகிறதா என்று, பார்க்கும் சோதனை. பாறசாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. வெறும் தட்டுக்கு ஓர் அளவு, ஒரு கல்லுக்கு ஓர் அளவு எடுத்து, வரைபடத்தாளில் இரண்டையும் சேர்த்து நீளமாகக் கோடு இழுத்துவிட்டேன். பொழியூர்க்காரி நீ விடுவாயா?

"ரெண்டு புள்ளி கெடச்சா நீ கல்யாணமே உறப்பிச்சிருவ ஆக்கும். மிச்சக் கல்லையும் வைட்டி. பஸ்ஸு பின்னயும் வரும்."

ஒவ்வொன்றாக ஏற்றினோம், ஒவ்வொன்றாக இறக்கினோம். பாரம் கூடக்கூடக் கோடு மெல்ல வளைந்தது. "கண்டியா? கள்ளன் மேலதான் இருக்கான்" என்று சிரித்தாய்.

இப்போது என் மகளுக்கு ஆறு மாதம். வீட்டு எடைக்கருவியில் இரண்டு வாரமாக அவள் எடை அசையவில்லை. நன்றாகத்தான் குடிக்கிறாள், விளையாடுகிறாள். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து என் உடம்பின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாமியார் பால்பொடி டப்பாவே வாங்கி வைத்துவிட்டார்.

"ஒனக்க பாலு தெகயல்ல மக்கா. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

"மிஷின் தப்பா இருந்தா, மாமி?"

"ஒரு லிட்டர் தண்ணி வச்சா ஒரு கிலோ காட்டுது. பின்ன மிஷினுக்கு என்ன கேடு?"

வெறும் தட்டுக்குப் பூஜ்யம், ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோ. அதே இரண்டு புள்ளி. ஆனால் என் மகளின் எடை அவற்றுக்கு எவ்வளவோ மேலே, ஆறு கிலோவையும் தாண்டி.

இன்று மதியம் லிட்டர் பாட்டில்களையெல்லாம் நிரப்பி ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தேன். ஐந்துவரை எண் ஒரே சீராக ஏறியது. ஆறாவதுக்குக் கொஞ்சம் பின்தங்கியது. ஏழாவதை வைத்தபோது ஏற மனசில்லாததுபோல் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். தட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் பாலராமபுரம் கைத்தறித் துண்டை மடித்துச் செருகியிருந்தது. பாரம் கூடும்போது தட்டு வளைந்து துணியில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏறும் எடையில் பெரும்பங்கைத் துணி தாங்கிக்கொள்கிறது.

"பிள்ள காலு ஒதைக்கும்பம் தட்டு ஆடுது. விழுந்திரப்பிடாதுன்னு நாந்தான் போன வாரத்துக்கு முந்தி வச்சேன்" என்றார் மாமி. முகம் வாடிவிட்டது. எப்படிக் கோபப்படுவேன்?

துண்டை உருவிவிட்டு மறுபடி ஏற்றி இறக்கினேன். நேர்கோடு. பிறகு மகளைக் கிடத்தினேன். எடை கூடியிருந்தது! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனாலும் இந்த ஒரு அளவை மட்டும் நம்பப் போவதில்லை. காலையில் சுகாதார நிலையத்துத் தராசிலும் வைப்பேன். அங்கே குறைந்தால் டாக்டர் சொல்கிறபடி கேட்பேன். கூடினால் அந்த டப்பாவை யாரும் திறக்க வேண்டாம். எதுவானாலும் பயத்தை வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

பயம் முழுக்கப் போகவில்லை. பயந்தாலும் பாதியில் நிறுத்தாத இந்தப் பிடிவாதம் உன்னிடமிருந்து வந்தது. என் மகளுக்கும் அதைக் கொடுப்பேன்.

உன்னால் முடியாதென்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். சீக்கிரம் பதில் போடு.