மாநில அரசின் கருத்து

மார்ச் 4

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்பது வழக்கம்தான். ஆனால் நீ எழுதிப் பதினெட்டு நாளாகிறது, அதனால் நிஜமாகவே கேட்கிறேன்.

குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. ஆளை வரச் சொன்னால் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறான். அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னடா, ஒரே ஒரு தட்டை வச்சுக்கிட்டு எத்தனை நாளா ஓட்டுறே?" என்றாள். சிரித்துவிட்டேன். அவள் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

நேற்று தலைநகரிலிருந்து, உங்கள் மத்திய சட்டத் துறையின் புது மசோதா வந்தது. அரசு ஊழியர்களைப் பற்றியது, நாற்பத்தொரு பிரிவு. வழக்கம்போல முப்பது நாள் கெடு. அதற்குள் மாநிலம் கருத்துச் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்கள். செயலாளர் கோப்பை என் மேசையில் வைத்து, "நீ பாத்தா போதும்பா, நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றார். பத்தொன்பது வருடமாகக் கோப்புக்குக் குறிப்பு எழுதும் இதே வேலை, இதே வசனம். விடுப்பு, இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் படித்துவிட்டேன். ஒன்பதாம் பிரிவை எழுதியவர் அரைத் தூக்கத்தில் எழுதியிருக்கிறார். உனக்குத் தெரிந்தவரா?

அங்கே உன் மூன்று வருடப் பணி அடுத்த மாதம் இருபதாம் தேதியோடு முடிகிறது. சும்மா காலண்டரைப் பார்த்தேன்.

உன்,
குறிப்புக்காரன்


மார்ச் 11

அன்புள்ள குறிப்புக்காரருக்கு,

ஒன்பதாம் பிரிவை எழுதியவர் என் எதிர் மேசைக்காரர். சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் படிப்பாரு போல" என்றார்.

நான் சுகம். சின்ன அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். ஆனால் அலுவலகத்தில் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொன்னால் கோபிக்காதீர்கள். சாயங்காலம் அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. ரேடியோவுக்குப் பதில் சொல்கிறேன்.

எல்லாப் பிரிவையும் பற்றி எழுதிய நீங்கள் பதினான்கை மட்டும் விட்டுவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். என்னைப் போல மாநிலத்திலிருந்து டெபுடேஷனில் தற்காலிகமாக வந்தவர்கள் மூன்று வருடத்தில் திரும்பியே ஆக வேண்டும் என்பது இன்றைய விதி. பதினான்கு நின்றால், விரும்புகிறவர்கள் மாநிலத்தைக் கேட்காமலே இங்கே நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மாநிலம் என்ன நினைக்கிறது என்று கேட்கவில்லை, அது எப்படியும் என் மேசைக்குத்தான் வரும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள்,
வக்கீலம்மா


மார்ச் 28

மாநில அரசுக்கு,

இரண்டு வாரம் தபாலுக்குக் காத்திருந்தேன். உங்கள் கடிதம் வரவில்லை, அரசின் கடிதம் வந்தது. கையெழுத்து செயலாளருடையது. ஆனால் "ஆற அமர யோசிக்குமிடத்து" என்று எழுதுகிற ஆள் இந்த நாட்டில் ஒருவர்தான். நாற்பது பிரிவுக்குத் தலா ஒரு வரி. பதினான்குக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம், ஆறு காரணம். மாநிலத்தின் அதிகாரம் பறிபோகிறதாம், பழகிய ஊழியர்களை இழக்க நேர்கிறதாம். மற்ற எல்லா மாநிலமும் சம்மதம், உங்களுடையது மட்டும் கடும் ஆட்சேபம்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

தலைநகருக்குப் போகட்டுமா என்று மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றீர்கள். போகாதே என்று சொல்ல மாட்டீர்களா என்று பெட்டியை அடுக்கிக்கொண்டே காத்திருந்தேன். இப்போதும் கேட்டேன், பதில் இல்லை. பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுத வராத கை, மத்திய அரசுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுகிறது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா?

இது மாநிலத்தின் கருத்தா, உங்கள் கருத்தா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்சேபத்துக்கு உரியவள்


ஏப்ரல் 3

என் வக்கீலம்மாவுக்கு,

என் கருத்துதான். ஆறு காரணமும் சட்டப்படி சரி. ஆனால் நீ அங்கே இல்லாமல் இருந்தால் "ஆட்சேபம் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

செயலாளர் வெளியூரிலிருந்து இன்றுதான் வந்தார். போய் உண்மையைச் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஏம்பா, சம்சாரத்தைக் கூப்பிடறதுக்கு அரசாங்க முத்திரையா?" என்றார். திருத்திய கருத்து இன்றைக்கே போய்விட்டது, கெடு தாண்டிய ஒரு நாளை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். பதினான்காம் பிரிவுக்கு மாநிலம் சம்மதிக்கிறது. இனி உன்னை யாரும் தடுக்க முடியாது.

அதனால் இப்போது கேட்கிறேன். அன்றைக்கு உன் இஷ்டம் என்று சொன்னது பெருந்தன்மை இல்லை, பயம். கேட்டு, நீ மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். இந்த வீட்டில் என்னால் தனியாக இருக்க முடியவில்லை. வந்துவிடு.

உன்,
குறிப்புக்காரன்


ஏப்ரல் 11

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். புதன்கிழமை லீவு போட்டேன். ஒரு தாளில் தங்குகிறேன் என்றும், இன்னொன்றில் திரும்புகிறேன் என்றும் எழுதி வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை அலுவலகம் போனால் உத்தரவு வந்திருந்தது.

உங்கள் திருத்திய கருத்து கெடு முடிந்து மூன்று நாள் கழித்து வந்ததாம். விதிப்படி அதை ஏற்கவில்லை, முதல் கருத்துதான் நின்றது. ஒரு மாநிலத்தோடுகூட மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று மேலிடம் பதினான்காம் பிரிவையே எடுத்துவிட்டது. நானும் என்னைப் போன்ற இருநூற்றுச் சொச்சம் பேரும் ஊர் திரும்புகிறோம். பக்கத்து மேசைப் பெண் இங்கேயே வீடு பார்த்து வைத்திருந்தாள். இரண்டு நாளாக அழுகிறாள். அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதியது யார் என்று அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு தாளையும் கிழித்துவிட்டேன். எதில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் கூப்பிட்டதால் வந்தேன் என்று உங்களாலும் நம்ப முடியாது, என்னாலும் முடியாது. தினமும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிப்போம், நானாக வந்திருப்பேனா என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வண்டி இருபத்தொன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வருகிறது. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். எனக்கு வழி தெரியும்.

நான்