ஊருக்குள் நுழையத் தடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கும் வரி வர நேரமாகும், பொறுத்துக்கொள்.

நேற்று உன் மனைவி வந்திருந்தாள். சமையலறை வாசலோடு நின்றுகொண்டாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நீ எந்த ஊரில், யாருடைய கடையில் வேலைக்கு நிற்கிறாய் என்பதை மென்று முழுங்கிச் சொன்னாள். "அண்ணி, கோவம் இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்க, அவர் வந்துடுவார்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போனதும் அந்த வரியை எழுதினேன். எழுதியதைப் படித்தால் வேறு யாரோ எழுதியது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உனக்குத் தெரியாததா என்பாய். என் பக்கத்தில் இருந்து உனக்குத் தெரியாது.

பள்ளிக்கூட வாட்ச்மேனின் கால் மேல் கல் லாரி ஏறிய மறுநாள் நாம் சாலையில் உட்கார்ந்தோம். லாரிகள் வேறு வழியில் போகட்டும் என்பதற்கு மேல் நாம் எதுவும் கேட்கவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். தினமும் அந்தச் சக்கரங்களுக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகளை இறக்கிவிடுகிறேன். எனக்குப் பக்கத்தில் தொண்டை கட்டக் கத்தியவன் நீ. வெயிலில் உட்கார்ந்தவர்களுக்குத் தண்ணீர் உன் சைக்கிள் கடையிலிருந்துதான் வந்தது. கூட்டத்தில் யாரோ உன்னைக் காட்டி, அக்காவுக்கு ஏற்ற தம்பி என்றார்கள். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது காவலர் ஒருவர் உத்தரவைக் கொண்டுவந்து நீட்டினார். பொது அமைதியைக் கெடுப்பவள், ஓராண்டுக்கு நகர எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று இருந்தது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது நாலு தடவை திரும்பிப் பார்க்கிறவள் நான். உன் மாமா சிரிக்கவில்லை. ஈரக் கையோடு நின்ற என்னை உள்ளே கூப்பிட்டு, எதையெதை எடுத்துவைக்கலாம் என்று கேட்டார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், மாவு மில்லுக்கு மேலே எனக்கு அறை பிடித்துக் கொடுத்ததும் நீதான். மில் ஓடும்போது தரை நடுங்கும். தலையணை உறை, சீப்பு, தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றிலும் மாவு படியும். ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக்கு அக்கரையில் நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரியும். மேல்மாடியில் யார் வீட்டுத் துணி காய்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். நடந்தால் கால் மணி நேரம். போனால் கைது. கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் போகக் கூடாது என்பது எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதிப் புரியவைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாய். சாப்பாடு, சோப்பு, ஊர்ச் செய்தி எல்லாம் கொண்டுவந்தாய். வேன் யார் கையில் இருக்கிறது, கிளட்சை எப்படி மிதிக்கிறான் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த உத்தரவை எதிர்த்து வழக்குப் போட நான் தயங்கியபோது வக்கீலம்மா ஒன்று சொன்னார்கள். "நாட்டுக்குள்ள எங்க வேணா போகவும் வரவும் குடியிருக்கவும் அரசியலமைப்புச் சட்டம் உங்களுக்கு உரிமை குடுத்திருக்கு. பொதுமக்கள் நன்மைக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம்னும் அதுலயே இருக்கு. நம்ம சண்டை எல்லாம் அந்த நியாயமானங்கற வார்த்தைக்குத்தான்" என்றார்கள். எனக்கு நம் பின்தெரு கத்திக்காரன் ஞாபகம் வந்தது. அவனை ஊரைவிட்டு அனுப்பியபோது தெருவே நிம்மதியாகத் தூங்கியது, நானும்தான். அதுவும் இதே சட்டம். ஆனால் அவன் கத்தியை எல்லோரும் பார்த்திருந்தோம். என்னிடம் எதைப் பார்த்தார்கள்?

பெயரைச் சொல்லப் பயப்படுகிற சாட்சி ஒருவர் இருக்கிறார், லாரிகளைக் கொளுத்த நான் ஆள் சேர்த்ததாகச் சொல்லியிருக்கிறார் என்பது வரைதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கே சேர்த்தேன், யாரைச் சேர்த்தேன், எதுவும் இல்லை. யாராக இருக்கும் என்று நாம் இருவரும் அந்த அறையில் உட்கார்ந்து ஊரையே அலசினோம். டீக்கடைக்காரர் பெயரை எடுத்துக் கொடுத்தவன் நீ. "அந்தாளு லாரிக்காரங்களுக்கு வேண்டியவன்க்கா" என்றாய். அந்த மனிதரை நான் மனதுக்குள் எத்தனை பேச்சு பேசியிருப்பேன்!

நடுவில் உன் மருமகளுக்குப் பிரசவம் ஆனது. ஒரு பிற்பகல் மட்டும், பெண் காவலர் துணையோடு, மகளைப் பார்த்துவர அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காவலர். பாவம், நல்ல பெண். நான் கை கழுவப் போன நேரத்தில் குழந்தையை அவர்தான் தூக்கி வைத்திருந்தார். நீ வாசலில் நின்றிருந்தாய். கிளம்பும் நேரத்தில் அவரிடம், "எங்க அக்காவப் பத்தி எவன் இப்படிச் சொன்னானோ மேடம், அவன் விளங்கவே மாட்டான்" என்று கண் கலங்கினாய். உன் கண்ணீரைப் பார்த்து நான் உன்னைத் தேற்றினேன். தம்பி, சாட்சி சொன்னதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. பயத்தில் ஒருவன் வாய் தவறலாம். அந்தக் கண்ணீருக்கு உன்னை யார் கட்டாயப்படுத்தினார்கள்?

விசாரணை நாளில், கடைக்குச் சரக்கு வருகிறது, வர முடியாது என்று போன் செய்தாய். நீதிபதி அந்தச் சாட்சியைத் தன் அறையில் தனியாகக் கேட்க வேண்டும் என்று எங்களை வெளியே அனுப்பினார். தாகமாக இருந்தது. பக்கத்து நடையில் குழாய் இருப்பதாகச் சொன்னார்கள், போனேன். குனிந்து சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது நீதிபதி அறையின் பின்கதவு திறந்தது. நீ வந்தாய். நான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையில் வந்தாய்.

என்னைத் திட்டியிருக்கலாம். ஓடியிருக்கலாம். காலில் விழுந்திருந்தால்கூட அப்போதைக்குத் தூக்கிவிட்டிருப்பேன். நீ என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாக்கா?" என்றாய். நானும் பழக்கதோஷத்தில் "ம்" என்றேன். நீ படியிறங்கிப் போனாய். சொம்பு நிறைந்து வழிந்து காலெல்லாம் நனைந்ததை வக்கீலம்மா வந்து சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

தீர்ப்பு நீ கேள்விப்பட்டிருப்பாய். சாட்சியின் பெயரை மறைக்கலாம், அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் இவள் என்ன செய்தாள் என்பதையே மறைத்தால் இவள் எதற்குப் பதில் சொல்வாள் என்று நீதிபதி கேட்டார். மனிதரை ஊரைவிட்டு விலக்கிவைக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அந்த இடத்துக்கு எல்லையும் உண்டு என்றார். சாட்சி சொன்னதில் நம்பும்படி எதுவும் இல்லை என்று உத்தரவை ரத்து செய்தார். அரசு வக்கீல் எழுந்து வணங்கினார், உட்கார்ந்தார். அவ்வளவுதான். என்னைத் தூக்கியடித்தவர்கள் எல்லோரும் எனக்கு அந்நியர்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அன்று மாலையே பாலத்தில் நடந்தே வந்தேன். உன் மாமா ஆட்டோ பிடிக்கிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் டீக்கடையில் நின்றேன். அவர் காசு வாங்கிக்கொள்ளவில்லை. எதற்கு அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டார். உன் கடைப்பக்கம் பார்த்தேன், பூட்டியிருந்தது.

நேற்று உன் மனைவி சொல்லித்தான் மீதி தெரிந்தது. உன்னை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்தார்களாம். அக்கா தம்பி இரண்டு பேரில் ஒருவர் ஊரைவிட்டுப் போய்த்தான் ஆக வேண்டும், யார் என்று நீயே சொல் என்றார்களாம். அட மடையா, என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானே பெட்டியைக் கட்டியிருப்பேனே. உனக்காகப் போகிறேன் என்று தெரிந்து போயிருப்பேன். அந்த மாவு மில் சத்தத்தில்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்கு அதைக்கூட விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டாயே.

வேன் மறுபடியும் என் கையில். லாரிகள் இப்போது சுற்றுச் சாலையில் போகின்றன. பள்ளி நேரத்தில் மட்டும், அதுவும் சில நாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, எதைக் கொடுத்தாலும் கடிக்கிறாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெளிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது.

இன்று காலை உன் பெண் வேனில் எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகள் இறங்கும் வரை காத்திருந்து, "அத்தை, அப்பாவ ஊருக்குள்ள வரக் கூடாதுன்னு யாராவது சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

"இல்லடா கண்ணு, யாரும் சொல்லல" என்றேன்.

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை, தம்பி. பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா