இடது காலுக்கு ஒரு விரல்

மார்ச் 4, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. கிடங்கு வாசலில் காவல். கேட்டைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், வண்டி நம்பரை எழுத வேண்டும். ஐந்தாவது வரை படித்தது இதற்காவது ஆயிற்று.

சீருடை கொடுத்தார்கள். சட்டை சரி. பேண்ட் எனக்கு முன்னால் இருந்த நெட்டையனுடையது. பிறந்ததிலிருந்து பேண்ட் போட்டதில்லை. இன்று போட்டேன், பாதத்தைத் தேட வேண்டியதாகிவிட்டது.

சூப்பர்வைசர் கறார். "திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்குப் பேண்ட் தரையில படாம வரணும். அந்த நெட்டை ஆளுக்கே இது நீளம், தடுக்கி லாரி முன்னாடி விழுந்தான். முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் காத்திருக்கு."

இது போனால் மகள் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும். மருமகன் தங்கமானவர். தங்கமானவர் வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்பது எனக்கு இறங்காது.

மார்ச் 5, புதன்

தையல்காரர் பத்து நாள் ஆகும் என்கிறார். போய்யா. என் கைக்கு என்ன குறைச்சல்?

மார்ச் 7, வெள்ளி

கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் ஏறி வந்தாள். கொடியில் தொங்கிய பேண்டைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணி, எங்கண்ணன் போய் நாலு மாசம் ஆகல. அதுக்குள்ள இதை மாட்டிக்கிட்டுத் தெருவுல நிக்கப்போறீங்களா?"

"நிக்க வேண்டாம். நாற்காலி கொடுப்பாங்களாம்."

தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள். சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. போனது அவளுக்கும் அண்ணன்தானே.

மார்ச் 8, சனி

தைத்து முடித்தேன். மடிப்புக்கு ரெண்டு விரல் துணி உள்ளே விட்டு, மிச்சத்தை வெட்டி, சின்னச் சின்னத் தையலாக. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் — ஐயோ. இடது கால் ஒரு விரல் மேலே நிற்கிறது.

அளந்துதானே வெட்டினேன்? இல்லை. வலது காலைத்தான் அளந்தேன். இடது காலைக் கை தானாக வெட்டியிருக்கிறது.

போய்ச் சேர்ந்த என் மனுஷனுக்கு இடது கால் ஒரு விரல் கட்டை. சின்ன வயதில் ஒடிந்து கூடியது. கல்யாணமான மூன்றாம் நாள் சொன்னார். "யார்கிட்டயும் மூச்சு விடாதே, என் தங்கச்சிக்கே தெரியாது." இருபத்தாறு வருஷம், எத்தனை பேண்ட், எல்லாவற்றிலும் இடது காலை ஒரு விரல் தூக்கித் தைத்தேன். வெளியே ஒருத்தருக்கும் தெரியாது.

செத்தும் என் பேண்டுக்குள்ள காலை விட்டுக்கிட்டு நிக்கிறியேய்யா! உன் காலை உன்னோட எடுத்துக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா? இப்ப என்ன பண்ணுவேன் — ஏய், கேக்குதா?

மார்ச் 9, ஞாயிறு

பிரிக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் மறுபடி வந்தாள், சண்டைக்குத்தான். பேண்டைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தைக்கிற மாதிரி தச்சுட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டீங்க. அண்ணனை மரத்துலேருந்து தள்ளிவிட்டதே நான்தான். உங்களைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அண்ணன் போட்டிருந்த பேண்டை எங்கம்மா தச்சாங்க. ஊசியில நூல் கோத்துக் கொடுத்தது நான்."

குடும்பமே சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறது! நான் என்னவோ பெரிய ரகசியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, இத்தனை வருஷம் இவள் வந்தால் ஊசியை ஒளித்துவைத்தேன். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மூக்கு ஒழுகிற்று. எனக்கும்தான்.

அப்புறம் அவளே இடது மடிப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே விட்ட துணியில் ஒரு விரலை இறக்கிவிட்டோம். மீதி ஒரு விரலைச் சுருட்டி நான் தைத்தேன், அவள் இஸ்திரி போட்டாள். பழைய மடிப்புக் கோடு மட்டும் போகவில்லை.

"யாரு பார்க்கப் போறா, போங்க அண்ணி. காலையில எழுப்பிவிடறேன்."

மார்ச் 10, திங்கள்

சேர்ந்தாயிற்று. சூப்பர்வைசர் குனிந்து பார்க்கப் பார்த்தார். தொப்பை விடவில்லை. "சரி சரி, போங்க" என்றார்.

ஏப்ரல் 12, சனி

இரண்டாவது பேண்ட் கொடுத்தார்கள். டீ ஆறுவதற்குள் தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தேன். இரண்டு காலும் சமம். அளக்கக்கூட இல்லை; இடது காலைத் தூக்கக் கை மறந்துவிட்டது.

கட்டிலில் உட்கார்ந்து கையைத் திட்டினேன் — வாய்க்கு வந்தபடி. அது பாட்டுக்கு மிச்ச நூலைச் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தது.