டீச்சர் சொன்னதும் நான் சொன்னதும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. சாக்ஸ் காயவில்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன்.

தேர்வாகிவிட்டேன்!! பொன்முடி மலையில் மூன்று நாள் கதை முகாம். ஒன்பதாம் வகுப்பில் நான் மட்டும். கத்த வேண்டும்போல் இருந்தது. கழிப்பறைக்குள் போய்க் கத்தினேன்.

வியாழன் பெற்றோர் மீட்டிங். அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரே இடைஞ்சல், கணக்கில் ஃபெயில். "பெயிலானா எங்கயும் போகக் கூடாது" என்பது அம்மாவின் சட்டம்.

(இதைத் தமிழில் எழுதுவது, இந்த மலையாள ஸ்கூலில் ஒருத்திக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால். மூன்றாம் வகுப்பு வரை தென்காசியில் படித்தது இதற்காவது உதவுகிறது.)

ஜூலை 10, வியாழன்

முடிந்தது!

அம்மா சாலைச் சந்தைக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். கையெல்லாம் மிளகாய் வத்தல் நெடி. அங்கே காம்பு கிள்ளுகிறவர்கள் எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். அம்மா மலையாளம் பேசி நான் கேட்டதே இல்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து எல்லா மீட்டிங்கிலும் நான்தான் நடுவில் நின்று சொல்வது.

டீச்சர்: "கணக்கில் தோற்றுபோயி. கிளாஸில் முழுக்க ஸ்வப்னம். பக்ஷே கத நன்னாயி எழுதும். அம்மையோடு பறஞ்ஞு கொடு, மோளே." (அதாவது: கணக்கில் ஃபெயில், கிளாஸ் முழுக்கக் கனவு, ஆனால் கதை நன்றாக எழுதுவாள், அம்மாவிடம் சொல்லு மகளே.)

நான்: "கணக்குல கொஞ்சம் வேகம் பத்தலையாம். கிளாஸ்ல எப்பவும் யோசனைதானாம். இப்படிக் கதை எழுதுற பிள்ளைய இந்த ஸ்கூல்லயே பார்த்ததில்லையாம்மா."

அம்மா டீச்சரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பாவம் அம்மா. திருடிவிட்டதுபோல் இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. எது கூடுதல் என்றால், சந்தோஷம்தான்.

எடுத்துப்போக: ஸ்வெட்டர் (பக்கத்து வீட்டு அக்காவுடையது), பேனா 2, குடை, முறுக்கு.

ஜூலை 12, சனி

பஸ் வித்துரா தாண்டிவிட்டது. வளைவுகளில் எழுத்து கோணுகிறது.

காலையில் பஸ் கிளம்பும் நேரம், அம்மா நேராக டீச்சரிடம் போனாள். "டீச்சரே, இவள் கணக்கில் தோற்றது எனிக்கறியாம். பஸ்ஸிலிரிந்நு ரெண்டு கணக்கு செய்யிக்கணே."

நான் ஃபெயிலானது தெரியுமாம், பஸ்ஸில் ரெண்டு கணக்கு செய்யவைக்கணுமாம். சுத்தமான மலையாளம்! அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எப்பம்மா படிச்ச?"

"வந்த மறு வருசமே. கடைக்கு வாரவங்க பேசுறது காதுல விழாதா?"

"அப்போ வியாழக்கிழமை…"

"டீச்சர் சொன்னதவிட நீ சொன்னதுதான் கேக்க நல்லாருந்துச்சு. அஞ்சாங் கிளாஸ்லருந்தே அப்படித்தான். ஏறுட்டி, பஸ்ஸு கெளம்புது."

கையாட்டக்கூட மறந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து! ஒவ்வொரு மீட்டிங்கும்!

டீச்சர் கணக்கு நோட்டோடு என் சீட்டுக்கு வருகிறார்.